அறுபது அண்ணன் மீட்டர் போர்டு கழற்றிய கதை

அறுபது அண்ணன் வெந்நீர்ப் பையை எடுத்து டேஷ்போர்டின் ஓரத்தில் வைத்தார். ஒரு நிமிடம் பொறுத்து அதை நகர்த்திவிட்டு, சூடு ஏறியிருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தார். விரல் நுனியால் அவருக்குத் தெரியாது. பத்து விரல்களின் உணர்ச்சியையும் சர்க்கரை நோய் தின்று மூன்று வருடம் ஆகிறது. சட்டைப் பொத்தானைக்கூட கண்ணால் பார்த்துத்தான் போடுவார். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான், நாற்பத்தைந்து வருடம் வெயில் தின்ற ஒரு காரின் மீட்டர் போர்டைக் கீறல் விழாமல் கழற்ற உட்கார்ந்திருந்தார்.

வெந்நீர்ப் பை என்னுடையது. நான் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றபின் வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறேன். அண்ணனின் மனைவியைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காலை எட்டுக்குப் போவேன், மாலை ஆறுக்குக் கிளம்புவேன். கார் கழற்றுவது என் வேலையில்லை. ஆனால் அன்றைக்கு அந்த அம்மாவுக்கு அதைவிட அவசரமான வைத்தியம் எதுவும் இல்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் ஒரு கம்பெனியில் முப்பத்தெட்டு வருடம் ஆபீஸ் கார் ஓட்டியவர். வாரம் முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்கிவிட்டு, விடுமுறை நாளில் சொந்தக் காரில் மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊர் சுற்றுவார். அம்மாவின் கண் ரோட்டில் இருக்காது, வேக முள்ளில்தான் இருக்கும். முள் மேலே ஏறினால், "என்னங்க, அறுபது" என்று ஒரு குரல் வரும். உடனே இவர் கால் தானாக இறங்கும். ஒருமுறை, உடன் வேலை செய்யும் டிரைவர் ஒருவர் பின்சீட்டில் இருந்து இதைக் கேட்டுவிட்டார். அதோடு சரி. கம்பெனி முழுக்க, தெரு முழுக்க, பால்காரர் வரை, அவர் அறுபது அண்ணன் ஆகிவிட்டார்.

மறதி நோய் வந்ததும் அம்மாவுக்கு ஒவ்வொன்றாகப் போனது. தெரு போனது, கழிவறை எந்தப் பக்கம் என்பது போனது, கரண்டி எதற்கு என்பதும் சில நாள் போகும். அந்த முள்ளை வாசிக்கிற வழக்கம் மட்டும் போகவில்லை. தினமும் நாலு மணிக்கு அண்ணன் காரை எடுப்பார். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, "முப்பது… முப்பத்தஞ்சு… வளைவு வருது" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒரு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்ததும் இறங்கி, தானே கை கழுவி, தட்டின் முன்னால் உட்காருவார். ஒரு நாளில் அவர் ஒழுங்காகச் சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான். மாத்திரையும் அப்போதுதான் உள்ளே போகும்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் அந்த முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கார் ஓடியது, முள் ஓடவில்லை. அம்மாவைப் பொறுத்தவரை கார் கிளம்பவே இல்லை.

"ஏங்க, எப்போ கிளம்புறது?"

"போயிட்டுதானம்மா இருக்கோம். வெளியில பாரு, மரமெல்லாம் ஓடுது."

"மரம் ஓடுது. நாம ஓடலையே."

"நாற்பதுல போறோம்மா" என்று அண்ணன் வாயால் சொல்லிப் பார்த்தார். அம்மா முள்ளைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "இந்த வயசுல பொய் வேற" என்றார். வீட்டு வாசலில் நிறுத்தினால் இறங்க மாட்டார். இன்னும் கிளம்பவே இல்லையே, அதற்குள் இறங்கச் சொன்னால் யார்தான் இறங்குவார்கள்? ஷெட்டுக்குள் காரிலேயே இரண்டு மணி நேரம் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு அழுகை வரும். சாப்பாடு அப்படியே ஆறும்.

நான் வாரம் ஒருமுறை எடை பார்த்து நோட்டில் எழுதுகிறவள். நாற்பத்தாறு கிலோ இருந்தவர் நாற்பத்தொன்றரைக்கு வந்திருந்தார். நாற்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் போட்டால் என்ன நடக்கும் என்று அண்ணனிடம் நான் மறைக்கவில்லை. மறதி நோய்க்காரர்கள் குழாயைப் பிடுங்குவார்கள். பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். எத்தனையோ பேர் கையை நானே கட்டியிருக்கிறேன்.

"அது வேணாம் சிஸ்டர்" என்றார் அண்ணன். அவ்வளவுதான். மறுநாளே காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்.

மெக்கானிக் வேக முள்ளை ஓட்டும் கேபிளைச் சோதித்தார். கேபிள் நன்றாகச் சுற்றியது. கோளாறு மீட்டருக்குள்ளேதான். ஆனால் மீட்டர் போர்டில் கை வைக்க மாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். "டேஷ்போர்டு பிஸ்கட் மாதிரி ஆயிடுச்சுண்ணே. கழட்டினா நொறுங்கும். நொறுங்கினா என்னைத்தான் திட்டுவீங்க. பேசாம மொத்தத்தையும் மாத்திடலாம்."

மாற்ற முடியாது. போன வருடம் சீட் உறையை மட்டும் மாற்றியதற்கே அம்மா எட்டு நாள் காரில் ஏறவில்லை. பழைய உறையைத் தேடிப்பிடித்துத் திரும்பப் போட்டபிறகுதான் ஏறினார். ஆகவே மீட்டர் வெளியே வர வேண்டும், ஆனால் வந்ததே தெரியக்கூடாது. வேறு வழியில்லாமல் அண்ணன் தானே இறங்கினார்.

அன்று காலை ஒன்பது மணிக்கு முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஸ்டியரிங் தண்டுக்கு ஒரு பழைய துண்டைச் சுற்றினார், மீட்டர் போர்டு வெளியே வரும்போது உரசக்கூடாது என்று. சீட்டின் மேல் போர்வை விரித்தார். கழற்றுகிற ஸ்க்ரூக்களைப் போட என்னிடம் டப்பா கேட்டார். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று காலியாக இருந்தது, கொடுத்தேன். திங்கள் அறையில் மேல் இடது ஸ்க்ரூ, செவ்வாயில் மேல் வலது என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போனது. எல்லாம் ஒரே நீளம் இல்லையாம். நீளமானதைக் குட்டை இடத்தில் முறுக்கினால் முன்பக்கம் துளைத்துக்கொண்டு வந்துவிடுமாம்.

பக்கத்து வீட்டு வாட்ச்காரர் அப்போதுதான் வந்தார். தெருமுனையில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். மீட்டரைக் கழற்றிக் கொடுத்தால் உள்ளே சுத்தம் செய்து தருவதாக ஏற்றுக்கொண்டிருந்தார்.

"ஆபரேஷன் தியேட்டருக்குள்ள செருப்போட வரலாமா?" என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"செருப்போட வா. வாயை மட்டும் வெளிய கழட்டி வச்சுட்டு வா" என்றார் அண்ணன்.

"நாலு ஸ்க்ரூதானே? இதுக்கா இவ்ளோ அலப்பறை?"

"நாலு கண்ணுக்குத் தெரியும். அஞ்சாவது ஒண்ணு ஆஷ்ட்ரேக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். அது தெரியாம இழுத்தவன் வண்டியெல்லாம் டேஷ்போர்டு வெடிச்சுப்போய்த்தான் நிக்குது."

ஐந்தாவதும் வந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் தடம் விழும் என்று தயங்கினார். வார்டில் நாக்கை அழுத்திப் பார்க்கிற தட்டை மரக்குச்சி என் பையில் ஒரு கட்டு இருந்தது. அதில் இரண்டை ஓரத்தில் செருகி, வெந்நீர்ப் பையின் சூட்டில் பிளாஸ்டிக் இளகிய இடத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினோம். போர்டு நாலு விரல் அளவு முன்னே வந்தது. அதற்குமேல் வரவில்லை, பின்னால் கேபிள் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நட்டைக் கையை உள்ளே விட்டுத் தடவித்தான் திருக வேண்டும். அண்ணன் கையை விட்டார். முகம் சுருங்கியது.

"நட்டுல கை பட்டுச்சா, தகரத்துல பட்டுச்சான்னே தெரியல சிஸ்டர்."

"கையை எடுங்கண்ணே" என்று சொல்லி, நான் கையை உள்ளே விட்டுத் திருகினேன்.

அடுத்தது ஒயர்கள். மீட்டருக்குப் பின்னால் ஐந்து ஒயர்கள், ஒரு காலத்தில் ஐந்து நிறமாக இருந்தவை. இப்போது எல்லாம் ஒரே சேற்று நிறம். எது எங்கே என்று அடையாளம் வைக்காமல் கழற்ற முடியாது. நான் பிளாஸ்திரியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுத்தேன், அண்ணன் பேனாவால் எழுதி ஒட்டினார். லைட்டுக்கு 'லை'. இண்டிகேட்டருக்கு 'இ'. சூடு காட்டும் முள்ளுக்கு 'சூ'. பெட்ரோல் முள்ளுக்கு 'பெ'. பேட்டரியின் சிவப்பு விளக்குக்கு 'பே'.

வார்டில் நாங்கள் ஒருவர் எழுதினால் இன்னொருவர் உரக்க வாசித்துச் சரிபார்ப்போம். எத்தனை அவசரத்திலும் அதை விட்டதில்லை. அன்றைக்கு அவர் கடைசி இரண்டை எழுதும்போது உள்ளேயிருந்து அம்மா, "யாரோ வந்திருக்காங்க, கதவைத் திறங்க!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கத்தினார். நான் ஓடினேன். கண்ணாடியில் வந்திருந்தவரை அனுப்பி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மீட்டர் போர்டு போர்வையில் கிடந்தது. டேஷ்போர்டில் ஒரு கீறல் இல்லை.

"பாத்தீங்களா!" என்றார் அண்ணன். மூன்று வருடத்தில் அவர் தன் கையை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை.

வாட்ச்காரர் மீட்டரைத் திறந்தார். உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருந்தது. பெட்ரோலில் நனைத்த குச்சியால் மணிக்கணக்கில் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, சின்ன மோட்டாரில் மாட்டிச் சுற்றினார். முள் துள்ளி எழுந்தது.

"அண்ணே, எழுபது! அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க."

மூன்றரை மணிக்குத் திரும்பப் பொருத்த ஆரம்பித்தோம். லை போனது, இ போனது, சூ போனது. மிச்சம் இரண்டு ஒயர். இரண்டு பிளாஸ்திரியிலும் 'பெ'.

அண்ணன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். வாட்ச்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பார்த்தார். இரட்டைக் கொம்புக்கு மேலே வர வேண்டிய அந்த ஒரு சுழி, உணர்ச்சியில்லாத விரலில் வழுக்கிப்போய், எங்குமே வரவில்லை. ஒற்றைக் கொம்பு இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

"எது எதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் வாட்ச்காரர்.

"ஞாபகம் இருந்தா ஏன்யா எழுதுறேன்?"

"மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்கண்ணே" என்றேன் நான்.

"மணி நாலு ஆகப்போகுது சிஸ்டர். அவ செருப்பு மாட்டிட்டு நிக்கிறா." உண்மைதான். அம்மா ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார். அண்ணன் இரண்டில் ஒன்றை எடுத்து மாட்டினார். பிறகு ஐந்து ஸ்க்ரூவையும் முறுக்கினார். கீழ் ஓரத்தை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் காதுகளில் ஒன்றில் மயிரிழை அளவுக்கு வெடிப்பு. வெளியே தெரியாத இடம், பரவாயில்லை என்று விட்டோம்.

அம்மா முன்சீட்டில் ஏறிக்கொண்டார். சாவி போட்டதும் பெட்ரோல் முள் நிறைந்த பக்கத்துக்கு ஓடியது. அம்மா தலையாட்டினார். இன்ஜின் கிளம்பியது. கிளம்பிய அடுத்த நொடி பெட்ரோல் முள் தொப்பென்று காலிப் பக்கம் விழுந்தது. அணைய வேண்டிய சிவப்பு விளக்கு அணையாமல் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது.

"என்னங்க, பெட்ரோல் இல்ல."

"இருக்கும்மா. டேங்க் முக்கால்வாசி இருக்கு."

"முள்ளு இல்லைங்குது. நடுவழியில நின்னுட்டா? போட்டுட்டு வாங்க. நான் இங்கயே இருக்கேன்."

அண்ணன் வாதாடவில்லை. கேனை எடுத்துக்கொண்டு நடந்துபோய் வாங்கிவந்து, அம்மா பார்க்கும்படியே டேங்கில் ஊற்றினார். சாவி போட்டார், முள் நிறைந்தது. இன்ஜினைக் கிளப்பினார், முள் விழுந்தது.

அம்மா கதவைத் திறந்துவிட்டார். "டேங்க் ஓட்டை! எறங்குங்க, எறங்குங்க, தீப்பிடிச்சுக்கும்!"

வேக முள் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்கக்கூட வண்டி ஷெட்டைத் தாண்டவில்லை. அன்று மாலையும் அம்மா சாப்பிடவில்லை. கரண்டியை நான் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டார். எடை நாள் இல்லை என்றாலும் பார்த்தேன். நாற்பது கிலோ எண்ணூறு கிராம்.

கிளம்பும் முன் ஷெட்டுக்குப் போனேன். அண்ணன் காரில் உட்கார்ந்திருந்தார், கை இரண்டும் மடியில்.

"ஒயர் ரெண்டையும் மாத்திப் போட்டா போதும் சிஸ்டர். ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அதுக்கு மறுபடி கழட்டணும். அந்தக் காது இன்னொரு தடவை தாங்காது."

"கழட்டலன்னா?"

"கழட்டலன்னா அவ சாப்பிட மாட்டா."

"நான் காலைல வர்றேண்ணே. வெந்நீர் வச்சு, நிதானமா சேர்ந்து கழட்டலாம். நீங்க தொடாதீங்க."

சரி என்றார். முகத்தைப் பார்த்தபோதே அந்தச் சரியை நான் நம்பவில்லை. ஆனால் ஆறு மணிக்குமேல் எனக்கு அந்த வீட்டில் வேலையில்லை. என் வீட்டிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

மறுநாள் காலை எட்டுக்குப் போனபோது ஷெட் கதவு திறந்திருந்தது. அவர் ஐந்தரைக்கே எழுந்து தனியாகக் கழற்றியிருக்கிறார். அடுப்பு அம்மா தூங்கும் அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது. சத்தத்தில் விழித்துக்கொள்வார் என்று வெந்நீர் வைக்கவில்லை. குளிர்ந்து கிடந்த பிளாஸ்டிக்கைக் கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்த விரல் அவருக்குச் சொல்லாது. சத்தம்தான் சொன்னது. ஆஷ்ட்ரே பள்ளத்திலிருந்து வேக மீட்டரின் வட்டம் வரை ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

ஒயர்களை மாற்றிப் போட்டிருந்தார். பெட்ரோல் முள் முக்காலில் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தாராம், வேக முள்ளும் ஒழுங்காக ஏறி இறங்கியதாம்.

"ஒட்டிடலாமா சிஸ்டர்?"

"ஒட்டினாலும் கோடு தெரியும்ணே."

"தெரியும்" என்று அவரே சொன்னார். பிறகு, "நாலு மணி வரைக்கும் இதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க என்னால முடியாது. இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார்.

அம்மாவுக்கு முகம் கழுவி, உடை மாற்றி, ஒன்பதரைக்கு அழைத்து வந்தேன். அண்ணன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா குனிந்து உள்ளே பார்த்தார். வெடிப்பின் மேல் விரலை வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தடவினார். நிமிர்ந்தார்.

"இது நம்ம வண்டி இல்ல."

அழவில்லை, கத்தவில்லை. திரும்பி வீட்டுக்குள் போய்விடுவார் என்று நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னையும் இழுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்து, பின்கதவுக்கு முன்னால் போய் நின்றார். நின்று காத்திருந்தார். யாராவது திறப்பார்கள் என்று காத்திருக்கிறவர்கள் நிற்பதுபோல.

அண்ணன் முன்கதவை மூடினார். வந்து பின்கதவைத் திறந்தார். அம்மா ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கார் தெருவைத் தாண்டியது. அண்ணன் தோளுக்கு மேலாக முள்ளை என்னால் பார்க்க முடிந்தது. முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. அம்மா அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகக் கடைகளையும் மரங்களையும் பார்த்துக்கொண்டு வந்தார். முன்சீட்டு காலியாக ஆடிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, வெளியாட்களிடம் பேசும் மரியாதையான குரலில் சொன்னார்.

"டிரைவர், ரொம்ப தூரம் போக வேணாம். எங்க வீட்டுக்காரர் காத்துக்கிட்டிருப்பார்."

அண்ணன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.

"சரிங்கம்மா" என்றார்.

திரும்பி வந்ததும் அம்மா இறங்கினார். தானே கை கழுவினார். தட்டின் முன்னால் உட்கார்ந்தார். குழைத்த சாதத்தில் பதினோரு கரண்டி இறங்கியது, மாத்திரையும் இறங்கியது. நடுவில் வாசல் பக்கம் கையைக் காட்டி, "அந்த டிரைவருக்கும் ஏதாவது குடுத்தனுப்புங்க, பாவம்" என்றார்.

நான் ஒரு தட்டில் போட்டுக் கொண்டுபோனேன். அண்ணன் வாங்கிக்கொண்டு, ஷெட்டில் நின்றபடியே சாப்பிட்டார். நான் உள்ளே வந்து, பதினோரு கரண்டி என்று நோட்டில் எழுதினேன்.